தேயிலை தராத தேயிலை மரம்

பெயர் ஒன்று, பொருள் வேறு என்பது விம்கோ நகரில் வாழ்கிறவர்களுக்குப் புதிய செய்தியன்று. எங்கள் பகுதியின் பெயரைத் தமிழ்ச் சொல்லாகக் கருதி வேர் தேடப் புகுந்தவர்கள் களைத்துத் திரும்புவார்கள். 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்ற தீப்பெட்டி நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துகள் கூடி 'விம்கோ' ஆயிற்று. சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி முதலாளிகள் 1923இல் இந்தியாவில் தொடங்கிய நிறுவனம் அது. திருவொற்றியூரில் அதன் ஆலை அமைந்ததால் குடியிருப்புக்கும் ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வந்தபோது அந்நிலையத்துக்கும் அதுவே பெயராயிற்று. அன்றாடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பயணச்சீட்டு வாங்குகிற பிள்ளைகளில் பலருக்கு அதற்குள் தீக்குச்சி ஒளிந்திருப்பது தெரியாது. தெரியாததால் நட்டமும் இல்லை.

ஆனால் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமற்போனால் நட்டம் விளையும் இடங்களும் உண்டு. நாங்கள் பாடம் நடத்தும் கல்லூரியில் சில ஆண்டுகளாகப் பிள்ளைகளின் பைகளில் ஒரு சிறு குப்பியைக் காண்கிறோம். பழுப்பு நிறக் கண்ணாடி, பத்து அல்லது பதினைந்து மில்லி கொள்ளளவு, சொட்டுச் சொட்டாக விழும்படி அமைந்த மூடி. மேலே 'டீ ட்ரீ ஆயில்' என்றும், அதனடியில் முகப்பருவுக்கு இயற்கை மருந்து என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இதைத் தமிழில் சொல்ல முனைகிறவர்கள் 'தேயிலை எண்ணெய்' என்கிறார்கள். சற்றுக் கவனம் உள்ளவர்கள் 'தேயிலை மர எண்ணெய்' என்கிறார்கள். இரண்டுமே பொருளைத் தவற விடுகின்றன. மாணவி ஒருவர் எங்களிடம், "ஐயா, டீத்தூளைத் தேங்காயெண்ணெயில போட்டுக் காய்ச்சினா இது வந்துடுமா?" என்று கேட்டார். அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. மொழிபெயர்ப்பு எங்கே கொண்டுபோய் விட்டதோ அங்கேதான் அவர் நின்றுகொண்டிருந்தார்.

இந்த எண்ணெய்க்கும் நாம் காலையில் குடிக்கும் தேநீருக்கும் எந்த உறவும் இல்லை. இது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து வடகிழக்குச் சதுப்பு நிலங்களைச் சொந்த மண்ணாகக் கொண்ட ஒரு மரத்தின் இலையிலிருந்து ஆவியில் வடித்து எடுக்கப்படுவது. தாவரவியலார் அதை 'மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா' என்பர். மெலலூக்கா என்பதற்குக் கிரேக்க மொழியில் கருப்பு-வெள்ளை என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில் கேப்டன் குக்கின் மாலுமிகள் அந்தக் கரையில் இதையொத்த மரங்களின் இலைகளைக் கொதிக்க வைத்துத் தேநீருக்கு மாற்றாகக் குடித்தார்கள் என்பதே பெயருக்குச் சொல்லப்படும் காரணம். தாகம் எடுத்த மாலுமிகள் வைத்த பெயர் உலகம் சுற்றி வந்து நம் பிள்ளைகளைக் குழப்புகிறது.

தேயிலையோடு உறவில்லாத இந்த மரத்துக்கு நம்மோடு உறவு இருக்கிறது என்பதுதான் வியப்பு. நாவல், கொய்யா, கிராம்பு, நீலகிரித் தைலம் தரும் யூகலிப்டஸ் ஆகியவை எந்தக் குடும்பமோ அதே 'மிர்ட்டேசியே' குடும்பம்தான் இதுவும். கொய்யா இலையை வெயிலில் உயர்த்திப் பிடித்துப் பாருங்கள். ஊசி முனையால் குத்தியதுபோல ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். நாவல் இலையைக் கசக்கினால் எழும் காரமான மணம் அந்தச் சுரப்பிகளிலிருந்து வருவது. இந்த நிலப்பரப்புக்கே நாவலந்தீவு என்று பெயரிட்ட மரபு நம்முடையது. அந்த நாவலின் தூரத்து உறவுதான் ஆஸ்திரேலியச் சதுப்பில் நிற்கிறது. இதன் உடன்பிறப்பு ஒன்றின் எண்ணெயை மலாய்க்காரர்கள் 'மின்யாக் காயு பூத்தே' என்கிறார்கள். 'வெண்மரத்து எண்ணெய்' என்று பொருள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்க்கு அந்த மணம் குழந்தைப் பருவத்து மணம். 'டீ ட்ரீ' எண்ணெயை அந்நியம் என்று ஒதுக்கவும் வேண்டாம். நம் வேம்பு போன்றது என்று கொண்டாடவும் வேண்டாம். அது என்ன செய்யும் என்று கேட்பதே முறை.

அதற்குமுன் பருவைப் பற்றிச் சில சொற்கள். 'பரு' என்னும் வினையடிக்குத் தமிழில் பெருத்தல், வீங்குதல் என்று பொருள். பருத்தது பரு. 'பருவம்' என்ற சொல் இதன் பக்கத்திலேயே ஒலித்தாலும் அதன் வேர் வேறு. வடமொழியின் 'பர்வ'த்திலிருந்து வந்தது. எனினும் வாழ்க்கை இவ்விரு சொற்களையும் பதினான்கு, பதினைந்து வயதில் ஒரே முகத்தில் சேர்த்துவைக்கிறது. நம் பழம்பாடல்கள் தோலை உற்றுப் பார்த்தவை. சுணங்கு, திதலை, பசலை என்று தோலில் தோன்றும் ஒவ்வொரு நிறமாற்றத்துக்கும் பெயர் வைத்தவை. சுணங்கையும் திதலையையும் அழகென்றே கொண்டாடியவை. பசலைக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. 119ஆம் அதிகாரத்தின் பெயர் 'பசப்புறு பருவரல்'. தோலில் தோன்றும் மாற்றத்தை மனத்தின் செய்தியாக வாசிக்கத் தெரிந்த மரபு இது. ஆனால் பருவைப் பாட எந்தப் புலவருக்கும் மனம் வரவில்லை போலும். பள்ளிப் பிள்ளைகள் மட்டும் அதற்கு இடைவிடாமல் பெயர் சூட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பெயர்களை இங்கே எழுத வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டு நினைவிருக்கும்.

பரு தோன்றும் விதம் எளிது. வளர்பருவத்தில் ஆண்ட்ரோஜன் வகை இயக்குநீர்கள் மிகும்போது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து மிகுதியாகச் சுரக்கின்றன. மயிர்க்காலின் வாயை இறந்த தோலணுக்கள் அடைத்துக்கொள்கின்றன. உள்ளே தேங்கிய கொழுப்பில், வழக்கமாக நம் தோலில் அமைதியாக வாழும் 'க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ்' என்ற நுண்ணுயிர் பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கையில் சிவந்து, வீங்கி, சீழ் வைக்கிறது. ஆக, அடைப்பு, எண்ணெய், நுண்ணுயிர், அழற்சி என நான்கு காரணங்கள். முகம் கழுவாத சோம்பலால் பரு வருகிறது என்று பெரியவர்கள் சொல்வது இந்த நான்கில் ஒன்றிலும் அடங்காது. ஆனாலும் வீட்டில் அந்த வசை தவறாமல் கிடைக்கிறது.

எங்கள் பகுதியில் இந்த நான்கோடு ஐந்தாவதாக ஒன்று சேர்கிறது. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரையிலும், மேற்கே மணலியிலும் ஆலைகளும் அவற்றைச் சார்ந்த சிறு பட்டறைகளும் நிறைந்திருக்கின்றன. தோல் மருத்துவ நூல்களில் தொழில்வழிப் பரு என்று தனித் தலைப்பே உண்டு. எந்திர எண்ணெய், கிரீஸ், தார் ஆகியவற்றோடு நாள்தோறும் புழங்குகிறவர்களுக்கு மயிர்க்கால்கள் அடைபட்டு வருவது அது. முகத்தில் மட்டுமன்றி, எண்ணெய் ஊறிய துணி உராயும் முன்கையிலும் தொடையிலும் கொப்புளங்களாக எழும். தலைக்கவசத்தின் பட்டை அழுத்துகிற நெற்றியிலும் தாடையிலும் வருவது இன்னொரு வகை. வியர்வையும் அழுத்தமும் அதற்குக் காரணம். பகலில் வகுப்பு, மாலையில் வேலை என்று வாழும் எங்கள் மாணவர்களில் பலருடைய முகங்கள் பருவத்தால் மட்டும் பருத்தவை அல்ல.

இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அமைதியானவர், யாப்பிலக்கணம் அவருக்கு நன்றாக வரும். நெற்றி முழுவதும் கருமுளைகள், கன்னங்களில் சிவந்த பருக்கள், முன்கைகளிலும் அதேபோல. கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க அழைத்தபோது இரண்டு முறை மறுத்துவிட்டார். சம்பளப் பணத்தில் முந்நூறு ரூபாய் கொடுத்து அந்தக் குப்பியை வாங்கியிருக்கிறார். பஞ்சில் நனைத்து முகம் முழுவதும் இரவில் அப்படியே தடவியிருக்கிறார். மூன்றாம் நாள் தோல் சிவந்து உரிந்தது. உரிந்த இடங்களில் கருந்திட்டுகள் எஞ்சின. "ஐயா, நேச்சுரல்னுதானே போட்டிருக்கான்? அப்புறம் எப்படி எரிஞ்சுது?" என்று அவர் கேட்ட கேள்விதான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

அந்தக் கேள்விக்கு நாங்கள் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்ட விடை இது. 'டீ ட்ரீ' எண்ணெய் பொய் மருந்தன்று. அந்நிலத்தின் தொல்குடிகளான பஞ்சலாங் மக்கள் இலையைக் கசக்கிப் புண்களுக்கு இட்டுவந்தார்கள். 1920களில் சிட்னியைச் சேர்ந்த வேதியியலர் ஆர்தர் பென்ஃபோல்ட் அதன் கிருமிகொல்லும் ஆற்றலை ஆய்ந்து, அக்காலத்தில் மருத்துவமனைகளில் புழங்கிய கார்பாலிக் அமிலத்தினும் அது வலியது என்று அறிவித்தார். அதில் உள்ள பொருள்களுள் முதன்மையானது 'டெர்பினென்-4-ஆல்'. நுண்ணுயிரின் மேலுறையைக் குலைப்பது அதன் தொழில். ஐ.எஸ்.ஓ. 4730 என்ற பன்னாட்டுத் தர அளவின் 2017ஆம் ஆண்டு வடிவம், நல்ல எண்ணெயில் இந்தப் பொருள் 35 முதல் 48 விழுக்காடு இருக்க வேண்டும் என்கிறது. குப்பியில் இந்த விவரம் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, 'இயற்கை' என்ற சொல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

பருவுக்கு அது உதவுமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 1990இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் 124 பேர் பங்கேற்றனர். ஒரு சாராருக்கு 5 விழுக்காடு 'டீ ட்ரீ' எண்ணெய் கலந்த கூழ். மறு சாராருக்கு 5 விழுக்காடு பென்சாயில் பெராக்சைடு என்ற வழக்கமான மருந்து. மூன்று மாத முடிவில் இரு சாராருக்கும் பருக்கள் குறைந்தன. எண்ணெய் மெதுவாக வேலை செய்தது. ஆனால் எரிச்சலும் வறட்சியும் அதில் குறைவு. 2007இல் நம் நாட்டுத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் ஈரானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், மிதமான பரு உள்ள 60 பேருக்கு 45 நாள் இதே 5 விழுக்காட்டுக் கூழைக் கொடுத்து, வெறுங்கூழோடு ஒப்பிட்டார்கள். அதிலும் பலன் தெரிந்தது. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015இல், பலன் இருக்கலாம், ஆனால் சான்று வலுவாக இல்லை என்று அடக்கமாக முடித்தது. எங்களுக்கு அந்த அடக்கம் பிடித்திருந்தது.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் வரும் எண்ணைக் கவனியுங்கள். ஐந்து விழுக்காடு. குப்பியில் இருப்பதோ நூறு விழுக்காடு. மாணவர் தடவியது ஆய்வில் இருந்ததைப் போல இருபது மடங்கு. கிராம்பு நம் சமையலறைச் சரக்குதான். அதற்காகக் கிராம்பு எண்ணெயை யாரும் கன்னத்தில் பூசிக்கொள்வதில்லை. இலையாக இருந்தபோது மரம் தானே நீர்த்து வைத்திருந்ததை, வாலையில் வடித்துச் செறிவாக்கிய பிறகு அது இயற்கையா, வேதியியலா என்ற வழக்கில் பொருளில்லை. அது மருந்து, மருந்துக்கு அளவு உண்டு. சித்த மருத்துவம் இதை நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எட்டி மரமும் சேங்கொட்டையும் இயற்கைதான். அவற்றைச் சுத்தி செய்யாமல் எந்த வைத்தியரும் கையாளமாட்டார்.

பயன்படுத்த விரும்புகிறவர்களுக்காகச் செய்முறையையும் சொல்லிவிடுவது நல்லது. ஏறக்குறைய இருபது சொட்டு ஒரு மில்லி ஆகும். ஆகவே ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி கற்றாழைக் கூழில் 5 சொட்டு கலந்தால் ஐந்து விழுக்காடு வரும். தண்ணீரில் கலந்தால் எண்ணெய் மிதக்கும். மிதப்பது அப்படியே தோலில் படும். தேங்காயெண்ணெயில் கலப்பது பருவுக்கு ஏற்றதன்று, அது மயிர்க்காலை மேலும் அடைக்கக்கூடும். முதலில் முன்கையின் உட்புறம் சிறிது தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் மட்டும் பருக்களின் மேல் தடவலாம், கண்ணருகே கூடாது. வெளிச்சமும் வெப்பமும் காற்றும் பட்ட எண்ணெய் சிதைந்து, ஒவ்வாமை தரும் பொருள்களை உண்டாக்கும். சென்னை வெயிலில் சன்னல் மேடையில் ஓராண்டு கிடந்த குப்பியைத் தூக்கி எறிவதே நலம். உள்ளுக்குக் குடித்தால் நஞ்சு. தள்ளாட்டமும் மயக்கமும் வரும். ஆகவே குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். கட்டிகளாக ஆழத்தில் எழுந்து குழிவிழச் செய்யும் பருவுக்கு இது போதாது. அதற்கு மருத்துவரே வேண்டும்.

நம்முடைய கருத்த, மாநிறத் தோலுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. வெள்ளைத் தோலில் பரு ஆறினால் சிவப்பு வடு தங்கும். நம் தோலில் அழற்சி எங்கே ஏற்பட்டாலும் அங்கே நிறமி மிகுந்து கருந்திட்டாகிவிடும்; மறைய மாதக்கணக்கில் ஆகும். ஆகவே நகத்தால் கிள்ளுவது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, பற்பசை என்று எரிச்சலூட்டும் எதைப் பூசினாலும் பருவைவிட நீண்டநாள் நிற்கும் கறையை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். பாட்டிமார்கள் சந்தனத்தோடு சாதிக்காயை இழைத்து இட்டதும், திருநீற்றுப்பச்சிலைச் சாறு தடவியதும் எந்த அளவுக்குக் குணப்படுத்தினவோ, அவை பெரும்பாலும் தோலை எரிக்காமல் விட்டன. அந்தப் பெருமை அவற்றுக்கு உண்டு.

லேத் பட்டறை மாணவரின் கதைக்கு வருவோம். ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போகும்படி சொன்னோம். ஓ.பி. சீட்டு வாங்கி, தோல் பிரிவில் வரிசையில் நின்று காட்டிவிட்டு வந்தார். மருத்துவர் அவரிடம் முதலில் கேட்டது எந்தக் களிம்பு பூசினாய் என்றல்ல, எங்கே வேலை பார்க்கிறாய் என்றுதான். பட்டறையில் வியர்த்தால் அவர் முகம் துடைப்பது பனியன் வேஸ்டால். அதே பனியன் வேஸ்ட்தான் எந்திரத்தையும் துடைப்பது. தனித் துண்டு, வேலை முடிந்ததும் சோப்புக் குளியல், எண்ணெய்ச் சட்டையை உடனே மாற்றுதல், இரவில் மெல்லிய பூச்சுமருந்து என்று முடிந்தது வைத்தியம். நான்கு மாதம் ஆயிற்று. பருக்கள் அடங்கின, கருந்திட்டுகள் அதற்குப் பிறகும் இருந்தன. குப்பியை வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டார்.

இன்னொருவருடைய கதை இவ்வளவு எளிதாக முடியவில்லை. முதுகலை மாணவி. வளாக நேர்காணலுக்கு மூன்று வாரம் இருக்கையில் கன்னமெங்கும் பருக்கள். 'டீ ட்ரீ' கூழைப் பத்து நாள் முறையாகத்தான் பூசியிருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது, மூன்று மாதக் கணக்கை மூன்று வாரத்தில் முடிக்க எந்த இலையாலும் இயலாது. தோழி ஒருத்தி சொல்ல, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் ஒரு களிம்பு வாங்கினார். நான்கே நாளில் முகம் கண்ணாடிபோல ஆயிற்று. வகுப்பில் எல்லாரும் வியந்தார்கள். வேலையும் கிடைத்தது. களிம்பை நிறுத்திய வாரத்தில் முகம் தீப்பட்டதுபோலச் சிவந்தது; பருக்கள் முன்னைவிடக் கூட்டமாக எழுந்தன. மீண்டும் பூசினார், அடங்கியது. நிறுத்தினார், எழுந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு கன்னத்தில் மெல்லிய ரோமமும், தோலின் மேலே நூல்போன்ற சிவப்பு நரம்புகளும் தெரிந்தன. அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது.

இது அவர் ஒருவருக்கு நேர்ந்ததன்று. ஸ்டீராய்டால் சிதைந்த முகம் என்று தோல் மருத்துவர்கள் தனிப் பெயரிட்டுப் பேசும் அளவுக்கு இந்தியாவில் இது பெருகியிருக்கிறது. படை, அரிப்பு முதலியவற்றுக்கு மருத்துவர் குறுகிய காலத்துக்கு எழுதித் தர வேண்டிய மருந்தை, நிறம் கூட்டவும் பருவை அமுக்கவும் கடையில் கேட்டு வாங்குகிறார்கள். 2018இல் இந்திய அரசு 14 ஸ்டீராய்டு மருந்துகளின் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவையாகப் பட்டியலிட்டது. சட்டம் வந்தது, கடைத்தெருவின் வழக்கம் அதே வேகத்தில் மாறவில்லை. அந்தப் பெண்ணுக்கு மருத்துவர் களிம்பை விடுவிக்க ஓராண்டுக்கு மேல் பிடித்தது. "நான் வேலைக்குப் போற மொத நாளு முகம் நல்லா இருக்கணும்னுதான் ஐயா நெனச்சேன்" என்றார். அதில் பேராசை எங்கே இருக்கிறது?

இந்த இரு பிள்ளைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எங்களுக்கு ஒன்று புலப்பட்டது. இருவரையும் வருத்தியது எண்ணெயோ களிம்போ மட்டுமன்று, தவணை. ஒருவர் அளவை மீறினார், மற்றவர் மருந்தை மாற்றினார். இரண்டும் அவசரத்தின் வேலை. 'டீ ட்ரீ' எண்ணெயைப் பற்றி அறிவியல் சொல்லும் நற்செய்தி, அது மெதுவாகவும் மென்மையாகவும் வேலை செய்யும் என்பது. அந்த மெதுவைத் தாங்கிக்கொள்ளும் அவகாசம் இங்கே யாருக்கு இருக்கிறது? நேர்காணல் அடுத்த மாதம், பெண் பார்க்க வருவது அடுத்த வாரம், அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது நாளை. முகத்துக்குக் கெடு வைத்துவிட்டுப் பொறுமையான மருந்தைக் கையில் கொடுத்தால், அவர்கள் அதை அளவு மீறிப் பூசுவார்கள், அல்லது வேகமான நஞ்சுக்கு மாறுவார்கள்.

கெடு வைப்பவர்கள் யார்? வேலை கொடுப்பவர்கள் மட்டுமல்லர். திருமண வீட்டில் பார்த்தவுடன் "என்னம்மா முகத்துல?" என்று கேட்கும் அத்தை, முடிவெட்டும்போதே முகத்துக்கும் ஏதாவது செய்துவிடலாம் என்று வற்புறுத்தும் கடைக்காரர், விழா மேடையில் வரவேற்புக்கு நிறுத்த 'முகம் தெளிவான' மாணவிகளைத் தேடும் கல்லூரிகள். பரு தானாகப் பெரும்பாலும் இருபதுகளின் நடுவில் அடங்கிவிடுவது. அது அடங்கும்வரை காத்திருக்க விடாத குரல்கள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன.

வடசென்னைக்காரர்களுக்கு இதில் இன்னொரு கசப்பும் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. மீனவர்களும் தன்னார்வலர்களும் மாணவர்களும் வாளிகளில் அதை அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி பக்கிங்ஹாம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்திலும் படர்ந்தது. எர்ணாவூர், எண்ணூர் வீடுகளின் சுவர்களில் கரிய கோடு விழுந்தது. படகும் வலையும் கறுத்தன. மக்கள் தோல் அரிப்போடும் கண் எரிச்சலோடும் மருத்துவ முகாம்களுக்குப் போனார்கள். இப்படிப்பட்ட நிலத்தில் வளரும் பிள்ளைக்குத் தோல் என்பது தனிமனித அழகு மட்டுமன்று. காற்றும் நீரும் தொழிலும் எழுதுகிற ஏடு அது. அந்த ஏட்டைப் பதினைந்து மில்லிக் குப்பியால் அவரே துடைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது, பொறுப்பை மிகவும் மலிவான விலைக்கு அவர் தலையில் கட்டுவதாகும்.

இதற்காகக் குப்பியைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. சிறிய பருவுக்கு, சரியான அளவில், மூன்று மாதப் பொறுமையோடு பயன்படுத்தினால் அது நாணயமான மருந்து. அதனினும் விலை குறைந்த பென்சாயில் பெராக்சைடும் அரசு மருத்துவமனை வரிசையும் அதே அளவு நாணயமானவை. இவற்றுள் எது இயற்கை என்ற கேள்வியை விட்டுவிட்டு, எது எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்கலாம். செய்யுளுக்கு அசை பிரிக்கக் கற்றவர்களுக்குச் சொட்டை எண்ணுவது கடினமன்று.

எங்கள் துறையில் இப்போது ஓர் எழுதாத விதி உண்டு. மாணவருடைய முகத்தைப் பற்றி, அக்கறையாகக்கூட, நாங்களாக எதுவும் கேட்பதில்லை. அவர்களாகக் கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறோம். மருத்துவமனைக்குப் போகிறவருக்கு அன்றைய வருகைப் பதிவு குறையாமல் பார்த்துக்கொள்கிறோம். மேடைக்கு யாரை அழைப்பது என்பதைக் கட்டுரையை வைத்து மட்டும் முடிவு செய்கிறோம். சென்ற ஆண்டுக் கருத்தரங்கில் நெற்றியிலும் கன்னத்திலும் பருக்களோடு ஒரு மாணவி சுணங்கையும் திதலையையும் பற்றிக் கட்டுரை வாசித்தார். அரங்கின் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. அவர் ஒரு கணம் நிறுத்தி, அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, அடுத்த பத்தியைச் சற்று உரக்க வாசிக்கத் தொடங்கினார்.